கடனில் நிற்கும் கழகத்தை ஆதரவாளர்களே பொறுப்பேற்க முடியுமா?

குளக்கட்டு (கிளிநொச்சி) எழுதியது:

வணக்கம். கரைச்சிப் பிரதேசத்திலுள்ள ஒரு கிராமத்து விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட அணியைச் சிறுவயதிலிருந்தே ஆதரித்து வருபவர்களில் ஒருவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். கழகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. கடன் கொடுத்தவர்களும் கடன்பட்டவர்களும் ஒரே சந்தையில் மரக்கறி வாங்குகிறவர்கள் என்பதால் பெயர் வெளிப்படுவது எவருக்கும் நல்லதல்ல.

இடப்பெயர்வோடு நின்றுபோன கழகம் மீள்குடியேற்றத்தின் பின்னர் 2011 இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அங்கத்தவர் சந்தா, ஊர்க் கடைகளின் அனுசரணை, வெளிநாட்டிலுள்ள ஊரவர்கள் அவ்வப்போது அனுப்பும் பணம் ஆகியவையே வருமானம். 2022 இன் பொருளாதார நெருக்கடியோடு பந்து, பாதணி, வாகன வாடகை ஆகிய எல்லாவற்றின் விலையும் கைமீறிப் போனபோது, அதனை ஈடுகட்டலாம் என்ற எண்ணத்தில் நிர்வாகத்தினர் மின்னொளியில் ஒரு பெரிய சுற்றுப்போட்டியை நடத்தினர். ஜெனரேட்டர் வாடகை, விளக்குக் கம்பங்கள், பரிசுத்தொகை, வெளி மாவட்ட அணிகளுக்கான சாப்பாடு என்று செலவு ஏறியது. காலிறுதி ஆட்டங்கள் தொடங்கிய கிழமையில் மாரிமழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நுழைவுச்சீட்டு விற்ற மேசையை மூன்றாம் நாளே மடித்து வைத்துவிட்டார்கள். இன்று ஏறத்தாழ 14 இலட்சம் ரூபாய் கடன் இருக்கிறது. அதில் ஒரு பகுதி, பொருளாளர் தன் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து எடுத்த பணம்.

இப்போது வெளிநாட்டில் தொழில் செய்யும் ஊரவர் ஒருவர், கழகத்தின் போசகராகவும் இருப்பவர், கடன் முழுவதையும் தாம் கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பத்து ஆண்டுகளுக்குத் தலைவரையும் பயிற்றுநரையும் தாமே நியமிப்பதென்பதும், கழகத்தின் பெயரோடு தமது நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பதென்பதும் அவருடைய நிபந்தனைகள். நிர்வாகத்தில் பெரும்பாலானோர் இதற்கு இணங்கும் மனநிலையில் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எங்களில் சிலர், இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் ஆதரவாளர்கள் ஒன்றுசேர்ந்து கழகங்களைச் சொந்தமாக்கிக்கொண்டதைப் போல இங்கும் செய்ய முடியாதா என்று யோசிக்கிறோம். இதற்கு எத்தகைய அமைப்பு பொருத்தமானது? பணம் தரும் புலம்பெயர்ந்தோருக்கு வாக்குரிமை கொடுக்க வேண்டுமா? பழைய கடனை யார் ஏற்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

சங்கக் கணக்கர் (முல்லைத்தீவு) எழுதியது:

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நீண்ட காலம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

போசகர் எதனை வாங்குகிறார், நீங்கள் எதனை வாங்கப் பார்க்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கழகங்கள் கம்பனிகள். அவற்றுக்குப் பங்குகள் உண்டு. பங்குகளை வாங்கியவர் உரிமையாளர். உங்கள் கழகத்துக்குப் பங்கு என்ற ஒன்றே இல்லை. பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாகப் பதிவு செய்யப்பட்ட கழகமாயின் அதற்கு ஒரு யாப்பு இருக்கும். அந்த யாப்பின்படி கழகம் அதன் அங்கத்தவர்களுக்கே உரியது. தலைவரைப் பொதுக்கூட்டம் தெரிவு செய்யும் என்றே அநேகமாக எழுதப்பட்டிருக்கும். அப்படியாயின், பத்து ஆண்டுகளுக்குத் தலைவரை நியமிக்கும் உரிமையை நிர்வாகக் குழு எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, ஏனெனில் அந்த உரிமை அவர்கள் கையில் இல்லை. யாப்பைத் திருத்தினால் மட்டுமே அது நடக்கும். திருத்துவதற்குப் பொதுக்கூட்டம் கூட வேண்டும்.

எனவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் கழகத்தில் இன்றைய அங்கத்தவர்கள் யார்? பெயர்ப் பட்டியல் எங்கே? வன்னியில் பல அமைப்புகளின் பதிவேடுகள் 2008, 2009 இடப்பெயர்வுகளில் அழிந்து போயின. மீண்டும் தொடங்கியபோது அவசரத்தில் ஒரு கொப்பியில் எழுதிய பெயர்களே இன்றும் பட்டியலாக இருக்கின்றன. எங்கள் சங்கமொன்றில் நான் அங்கத்துவப் பேரேட்டைத் திறந்தபோது, இறந்தவர்களின் பெயர்கள் நீக்கப்படாமலும், பத்து ஆண்டுகளாகப் படகில் ஏறாதவர்கள் முழு அங்கத்தவர்களாகவும், நாள்தோறும் கடலுக்குப் போன இளைஞர்கள் பட்டியலிலேயே இல்லாமலும் இருந்தார்கள். அந்த நிலையில் வாக்கெடுப்பு வைத்தால் வெல்பவர் யாராக இருந்தாலும் தோற்றவர் நீதிமன்றம் போகலாம். உங்கள் பட்டியலில் 16 வயதுக்குட்பட்ட அணியின் பெற்றோர் இருக்கிறார்களா? பெண்கள் இருக்கிறார்களா? மைதானத்துக்கு வருபவர்களில் எத்தனை பேர் சந்தா கட்டியவர்கள்? பணம் திரட்டும் வேலையை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வன்னியான் (லண்டன்) எழுதியது:

கணக்கர் ஐயா சொன்னது சரி என்றாலும், இங்கே நடந்தவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. நான் போட்ஸ்மத் நகரில் சில காலம் வாழ்ந்தவன். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

போட்ஸ்மத் கழகம் 2008 இல் எப்.ஏ. கிண்ணத்தை வென்றது. இரண்டே ஆண்டுகளில், 2010 இல், இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் இருந்தபடியே வங்குரோத்து நிருவாகத்தின் கீழ்ச் சென்ற முதலாவது கழகம் என்ற பெயரையும் அதுவே பெற்றது. உரிமையாளர்கள் மாறி மாறி வந்தார்கள். 2012 இல் மீண்டும் அதே நிலை. இறுதியில் கழகம் நான்காம் நிலை லீக் வரை இறங்கியது. 2013 ஏப்ரலில் ஆதரவாளர் சங்கம் அதனை வாங்கியது. ஒரு பங்கு 1,000 பவுண். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வாங்கினார்கள். அவர்களோடு வசதி படைத்த சில ஆதரவாளர்கள் தனியாகவும் முதலிட்டார்கள். பழைய கடன்கள் 2014 இல் தீர்க்கப்பட்டன. 2017 இல் அணி நான்காம் நிலை லீக்கை வென்று மேலே வந்தது. அதே ஆண்டில் கழகத்தை அமெரிக்கரான மைக்கல் ஐஸ்னருக்கு விற்பதற்குப் பங்காளர்களே பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். பலர் இதனைத் தோல்வி என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் கழகத்தைக் கடனற்றதாக்கி, யாருக்கு விற்பது, விற்பதா இல்லையா என்பதைத் தாங்களே தீர்மானிக்கும் இடத்துக்கு அவர்கள் வந்திருந்தார்கள்.

உங்கள் நிலைமைக்கு இதைவிட நெருக்கமானது ஸ்கொட்லாந்தின் ஹார்ட்ஸ் கழகம். அது 2013 இல் வங்குரோத்து நிலையை அடைந்தபோது ஆதரவாளர்கள் ஓர் அமைப்பின் கீழ் ஒன்றுசேர்ந்து, ஆளுக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை தருவதாக உறுதியளித்தார்கள். ஆனால் மாதச் சந்தா சேர்ந்து பெருந்தொகையாகும் வரை கடன்காரர் காத்திருக்க மாட்டார் அல்லவா? ஆன் பட்ஜ் என்ற தொழிலதிபர் தமது பணத்தைப் போட்டு 2014 இல் கழகத்தை ஏற்றார்; ஆதரவாளர்களின் மாதச் சந்தாவிலிருந்து அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதென்றும், கொடுத்து முடித்ததும் பெரும்பான்மைப் பங்குகளை அவர் ஆதரவாளர் அமைப்புக்கு மாற்றுவதென்றும் முன்கூட்டியே உடன்படிக்கை எழுதப்பட்டிருந்தது. 2021 இல் அவ்வாறே மாற்றப்பட்டது. உங்கள் போசகர் உண்மையிலேயே ஊர்ப்பற்றுள்ளவரானால், அவருடைய பணத்தை நன்கொடையாகவோ விலையாகவோ வாங்காமல், திருப்பிச் செலுத்தும் காலம் குறிக்கப்பட்ட கடனாக வாங்கலாமே. அதுவரை நிர்வாகத்தில் அவருக்கு ஓர் இடமும், கணக்குகளைப் பார்க்கும் உரிமையும் கொடுப்பது நியாயமானது.

புலம்பெயர்ந்தோரின் வாக்கு பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2008 இல் இங்கிலாந்தில் ஒரு விசித்திரமான முயற்சி நடந்தது. இணையத்தளம் ஒன்றின் வழியாக ஆளுக்கு 35 பவுண் செலுத்திய பல ஆயிரம் பேர் எப்ஸ்பிளீட் யுனைட்டெட் என்ற சிறு கழகத்தை வாங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த மைதானத்தை ஒருநாளும் பார்த்திராதவர்கள். அதே ஆண்டில் அணி வெம்பிளியில் கிண்ணமொன்றை வென்றது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தபோது பெரும்பகுதியினர் புதுப்பிக்கவில்லை. 2013 இல் கழகம் வேறு கைகளுக்குப் போயிற்று. வெளிநாட்டில் இருக்கும் நாங்களும் அதே மாதிரியானவர்கள்தாம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். திருவிழாவுக்கும் சுற்றுப்போட்டிக்கும் அனுப்புவோம். புல் வெட்டுவதற்கும் லீக் கட்டணத்துக்கும் மாதாமாதம் அனுப்ப மறந்துவிடுவோம்.

பழைய நடுவர் (வவுனியா) எழுதியது:

உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். செலவு எங்கே போகிறது என்பதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ஜேர்மனியின் ஷால்க்க கழகம் தனியார் எவருக்கும் சொந்தமானதன்று. ஓர் இலட்சத்துக்கும் அதிகமான அங்கத்தவர்களைக் கொண்ட சங்கம் அது. ஜேர்மனியின் 50+1 விதி 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. கழகத்தின் தொழில்முறை அணியைக் கம்பனியாக மாற்றினாலும் வாக்குகளில் பெரும்பான்மை தாய்ச் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஷால்க்க அந்தக் கம்பனியாக்கலுக்குக்கூடப் போகவில்லை. அப்படியிருந்தும் அது 20 கோடி யூரோவுக்கு மேற்பட்ட கடனோடு 2021 இல் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. ஒரே ஒரு பெரிய அனுசரணையாளரான ரஷ்ய எரிவாயு நிறுவனத்தை நம்பியிருந்தது. 2022 இல் உக்ரேன் மீதான படையெடுப்போடு அந்த ஒப்பந்தமும் முடிந்தது. அங்கத்தவர்கள் உரிமையாளர்களாக இருப்பதால் மட்டும் கணக்கு நேராகிவிடாது. அங்கத்தவர்களும் வெற்றியையே விரும்புவார்கள். வெற்றிக்காகக் கடன் வாங்கும் நிர்வாகத்துக்கே கைதட்டுவார்கள்.

வடக்கில் பல ஆண்டுகள் விசிலோடு ஓடியவன் நான். நமது கழகங்களைக் கடனில் தள்ளுவது லீக் ஆட்டங்கள் அல்ல, மின்னொளிச் சுற்றுப்போட்டிகளே. ஓர் ஊர் ஓர் இலட்சம் பரிசு வைத்தால் அடுத்த ஊர் இரண்டு இலட்சம் வைக்கிறது. அரையிறுதிக்கு வந்ததும் வெளியூர் ஆட்டக்காரர்கள் இருவரைப் பணம் கொடுத்து இறக்குகிறார்கள். ஊர்ப் பொடியன்கள் கரையில் சப்பாத்தோடு நிற்கிறார்கள். புரட்டாதி கடந்து மழைக்காலத்தில் வன்னியில் திறந்தவெளிச் சுற்றுப்போட்டி வைப்பதற்கு என்ன துணிச்சல் வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. புதிய அமைப்பின் யாப்பில், பொதுக்கூட்டத்தின் அனுமதியின்றிக் குறித்த ஒரு தொகைக்கு மேல் கடன்பட முடியாது என்ற ஒரு விதியைச் சேர்க்காவிட்டால், மூன்று ஆண்டுகளில் இதே கேள்வியோடு இங்கே திரும்பி வருவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்தல் காலத்தில் போசகராக வர விரும்பும் அரசியல்வாதிகளுக்கு அந்தக் கதிரையைக் கொடுக்காதீர்கள். வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா நமது தேசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியதும், அந்தத் தடை ஓகஸ்ட் வரை நீடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

குளக்கட்டு (கிளிநொச்சி) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடுவர் ஐயாவின் கோபம் நியாயமானது. கணக்கர் ஐயா கேட்ட பட்டியலைத் தேடினோம். 2011 இல் எழுதிய சீ.ஆர். கொப்பி ஒன்று முன்னாள் செயலாளரின் வீட்டில் கிடைத்தது. அதில் 63 பெயர்கள் இருக்கின்றன. பலர் வெளிநாடு போய்விட்டார்கள், சிலர் காலமாகிவிட்டார்கள். கடைசிப் பக்கங்களில் சந்தாவுக்குப் பதிலாக எத்தனை சீமெந்துப் பைகள், எத்தனை நாள் சிரமதானம் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அப்படி வேலை செய்தவர்களை அங்கத்தவர்களாகக் கொள்ளலாமா என்பது எங்களுக்குள் ஒரு விவாதமாகிவிட்டது. மைதானம் அரச காணி. பிரதேச சபையின் பராமரிப்பில் இருக்கிறது. கழகத்தின் பெயரில் ஓர் அறையும், இரண்டு கோல் கம்பங்களும், வங்கிக் கணக்கும் மட்டுமே உள்ளன. இந்த நிலையில் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்வதா, கம்பனியாகப் பதிவு செய்வதா?

மாங்குளம் சந்தி எழுதியது:

சட்ட அலுவலகமொன்றில் வேலை செய்பவள் நான். பொதுவான விளக்கமாக மட்டும் இதனைக் கொள்ளுங்கள். கையெழுத்திடும் முன் ஒரு சட்டத்தரணியிடம் பத்திரங்களைக் காட்டுங்கள்.

இப்போதுள்ள நிலையில் கழகத்துக்குத் தனியான சட்ட ஆளுமை இல்லை. அதன் விளைவை உங்கள் பொருளாளர் ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கிறார். கடன் பத்திரத்தில் யார் கையெழுத்திட்டாரோ அவரையே கடன்காரர் தேடி வருவார். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், பங்கு முதல் இல்லாமல் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவு செய்யலாம். அங்கத்தவர் ஒவ்வொருவரும், கம்பனி மூடப்பட்டால் குறித்த ஒரு சிறு தொகையைத் தருவதாக உறுதியளிப்பார்; அதற்கு மேல் அவருக்குப் பொறுப்பில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அறிக்கைகளும் கணக்காய்வும் சமர்ப்பிக்க வேண்டும். அதற்கான செலவு உங்கள் கழகத்தின் வருட லீக் செலவை எட்டக்கூடும்.

1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் வழி, வன்னி மக்களுக்குப் பழகிய வழி. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திலும் பனை தென்னை வள சங்கத்திலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கூட்டுறவுத்துறை மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயமாதலால், பதிவையும் மேற்பார்வையையும் மாவட்டத்திலேயே பேசிக்கொள்ளலாம். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள சென்ட் பவுலி உதைபந்தாட்டக் கழகம் 2024 நவம்பரில் கூட்டுறவுச் சங்கமொன்றைத் தொடங்கி, 850 யூரோ வீதம் பங்கு விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு மைதானத்தின் பெரும்பான்மை உரிமையை அந்தச் சங்கத்துக்கு மாற்றியது. ஒருவர் எத்தனை பங்கு வாங்கினாலும் அவருக்கு ஒரு வாக்குத்தான். அங்கே கவனிக்க வேண்டியது, கூட்டுறவுச் சங்கம் மைதானத்தையே வாங்கியது. கழகம் முன்போலவே அங்கத்தவர்களின் சங்கமாக நீடிக்கிறது. உங்களுக்கோ வாங்குவதற்கு மைதானம் இல்லை. அரச காணியை நீங்கள் விலைக்கு வாங்கவும் முடியாது, போசகர் வாங்கவும் முடியாது. இது உங்களுக்கு ஒருவகையில் பாதுகாப்பு.

ஆகவே என் ஆலோசனை, இப்போதைக்குப் புதிய பதிவு எதுவும் வேண்டாம் என்பதே. இருக்கும் யாப்பைத் திருத்துங்கள். மைதானத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பிரதேச சபையிடமிருந்து எழுத்தில் பெறுங்கள்; அது தலைவரின் பெயரில் இல்லாமல் கழகத்தின் பெயரில் இருக்கட்டும். சிரமதானம் செய்தவர்களை அங்கத்தவர்களாக ஏற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். யாப்பு இடம் கொடுத்தால் ஏற்கலாம். இடம் கொடுக்காவிட்டால் முதல் திருத்தமாக அதனையே கொண்டுவாருங்கள்.

வன்னியான் (லண்டன்) எழுதியது:

வாக்குரிமை பற்றி ஒரு சமரசம் சொல்கிறேன். வெளிநாட்டிலுள்ளவர்கள் அங்கத்தவர்களாகலாம், தொடர்ந்து பன்னிரண்டு மாதம் சந்தா செலுத்திய பின்னரே வாக்கு. தலைவர், பயிற்றுநர் தெரிவில் ஊரில் வாழ்பவர்களுக்கு மட்டும் வாக்கு. பெயர், நிறம், சின்னம், பெருங்கடன் ஆகியவற்றில் எல்லோருக்கும் வாக்கு. பெயரை மாற்றும் விடயத்தில் எங்களை விலக்கினால் இங்கே பலருக்கு மனம் நோகும். அந்தப் பெயரை நாங்களும் சுமந்துகொண்டுதான் வந்தோம்.

சங்கக் கணக்கர் (முல்லைத்தீவு) எழுதியது:

இரண்டு வகை வாக்கு வைத்தால் பேரேடும் இரண்டு வேண்டும். எழுதுபவர் யார் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், சம்பளமில்லாத செயலாளர் ஒருவர் பராமரிக்கக்கூடிய விதியே நிலைக்கும். ஆனாலும் பன்னிரண்டு மாத நிபந்தனை நல்லது. அதனை உள்ளூரவருக்கும் பொருந்தச் செய்யுங்கள். இல்லாவிட்டால் போசகரோ அவருக்கு எதிரானவர்களோ கூட்டத்துக்கு முதல்நாள் ஐம்பது பேருக்குச் சந்தா கட்டிக் கொண்டுவந்து இருத்திவிடுவார்கள்.

கடன் விடயத்தில், 14 இலட்சத்தையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். கடைக்காரர்களுக்குத் தர வேண்டியதைத் தவணையாக்கலாம். அவர்கள் ஊரவர்கள், பேசினால் கேட்பார்கள். அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. தவணை தப்பினால் ஏலத்தில் போய்விடும். திரட்டும் முதல் பணத்தில் அதனை மீட்டுக் கொடுங்கள். அந்தக் குடும்பம் கழகத்துக்காகச் செய்ததைக் கழகம் மறந்துவிட்டது என்ற பேச்சு ஊரில் எழுந்தால், அதற்குப் பிறகு யாரும் பொருளாளராக வர மாட்டார்கள்.

குளக்கட்டு (கிளிநொச்சி) எழுதியது:

போசகருடன் தொலைபேசியில் பேசினோம். கடனாகத் தருவது பற்றி யோசிப்பதாகச் சொன்னார். பெயர் மாற்றத்தை விடுவதற்கு அவருக்கு விருப்பமில்லை. அவருடைய நிறுவனத்தின் பெயரைச் சீருடையில் ஐந்து ஆண்டுகளுக்கு இடுவதாகப் பதில் கூறியிருக்கிறோம். யாப்பின் பிரதியை விளையாட்டு உத்தியோகத்தரிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். விசேட பொதுக்கூட்டத்தைச் சனசமூக நிலையத்தில் வைப்பதற்கு நிர்வாகத்தினரும் இணங்கியுள்ளார்கள். அறிவித்தலுக்கு எத்தனை நாள் அவகாசம் கொடுக்க வேண்டும்?

மாங்குளம் சந்தி எழுதியது:

யாப்பில் உள்ள கால அளவைப் பின்பற்றுங்கள். யாப்பு கிடைக்கும் வரை திகதியைக் குறிக்க வேண்டாம். அங்கத்தவர் பட்டியலைக் கூட்டத்துக்குப் போதிய நாட்களுக்கு முன்னரே சனசமூக நிலையத்தின் பலகையில் ஒட்டி, ஆட்சேபனைகளை எழுத்தில் பெறுங்கள். பெற்றதற்குப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். போசகருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.